கூரைக்கு எந்த மரம்? – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

லண்டனில் ஒரு பின்லாந்து நட்புறவுச் சங்கம் பிப்ரவரி இறுதியில், அந்நாட்டின் தேசிய காவியமான கலேவலாவின் நாளையொட்டி நடத்திய கூட்டத்துக்கு, அலுவலக நண்பர் ஒருவர் அழைத்ததால் போயிருந்தேன். இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள், பாதிக்கு மேல் ஆங்கிலேயர்கள். பின்லாந்தின் பழம்பாடல்களையும் அவற்றைப் பாடியவர்களையும் பற்றி ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, தமிழும் பின்னிஷும் ஒட்டுநிலை மொழிகள் என்பதையும் சங்க இலக்கியத்தின் தொன்மையையும் ஐந்து நிமிடம் விளக்கி, இரண்டும் ஒரே குடும்பமாக இருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. மனம் சோர்ந்து, காப்பி ஊற்றத் தொடங்கியபோதே கிளம்பிவிட்டேன். எங்கள் பொங்கல் விழாவுக்கு எழுநூறு பேர் வருகிறார்கள். இருபது பேருக்காக நடக்கும் இத்தகைய கூட்டங்களால் யாருக்குப் பயன்? இரு மொழிகளுக்கும் உறவு உண்டா? கலேவலாவை எந்த மொழிபெயர்ப்பில் படிக்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் லண்டனின் ரொதர்ஹித்தில் ஆல்பியன் வீதி வழியாக நடந்து போனேன். 1958 இல் கட்டப்பட்ட பின்லாந்து தேவாலயத்தின் மணிக்கூண்டைப் பார்த்தபடி, பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்தில் ஒரு மாலையில் நான் செய்த பிழையொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய அதே பிழை. ஆகவே உடனே பதில் எழுதுகிறேன்.

மொழி உறவு பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட மொழிகளோடு இணைத்துப் பார்க்கும் எண்ணத்தைக் கால்டுவெல் 1856 இலேயே முன்வைத்தார். இன்றைய மொழியியல் அதை ஏற்பதில்லை. 'தலோ' என்ற வீட்டுக்குப் பன்மை, இடம், உடைமை என்று ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போய் 'தலொய்ஸ்ஸனி', அதாவது 'என் வீடுகளில்', என்று ஒரே சொல்லில் முடிப்பது நமக்குப் பழக்கமானதாகத் தோன்றுவது உண்மைதான். ஆனால் துருக்கி மொழியும் அப்படித்தான் சொல்லைக் கட்டுகிறது; கட்டும் முறை ஒத்திருப்பதால் மட்டும் உறவு ஆகிவிடாது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

எழுநூறு, இருபத்து மூன்று என்ற கணக்கு என்னை வருத்தியது. விழா வேறு, நட்புறவுச் சங்கம் வேறு. உங்கள் பொங்கலுக்கு வருபவர்கள் தம் வீட்டுக்கு வருகிறார்கள். பின்லாந்து நட்புறவுச் சங்கத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் இன்னொருவர் வீட்டை அறிய வருகிறார்கள். அந்தப் பாதியால்தான் அதற்கு நட்புறவுச் சங்கம் என்று பெயர். இதன் வரலாற்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பின்லாந்து 1809 முதல் 1917 வரை ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. 1899 பெப்ரவரியில் அதன் தன்னாட்சியைக் குறுக்கும் அறிக்கையை இரண்டாம் நிக்கலாஸ் வெளியிட்டபோது, அம்மக்கள் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். பனிக்காலத்தில் வீடு வீடாகச் சென்று திரட்டிய கையெழுத்துகள் அவை. அவற்றைக் கொண்டுசென்ற தூதுக்குழுவைப் பேரரசர் சந்திக்க மறுத்தார். அதன் பின்னர் ஐரோப்பாவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்களும் எழுத்தாளர்களும் பின்லாந்துக்காகத் தனியாக ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல், எமில் சோலா, இப்சன் ஆகியோரின் பெயர்கள் அதில் இருந்தன. அந்தத் தூதுக்குழுவையும் அவர் சந்திக்கவில்லை. லண்டனில் ஆங்கிலேய-பின்லாந்துச் சங்கம் 1911 இல் தொடங்கியபோது பின்லாந்து என்றொரு சுதந்திர நாடே இல்லை. இன்னும் நாடாகாத ஒரு நாட்டுக்கு நண்பர்களாக இருப்பதென்று சிலர் தீர்மானித்தார்கள். அத்தகைய மரபிலிருந்து வரும் கூட்டத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இப்போது என்னால் எளிதில் கடந்துபோக முடியாத விடயத்துக்கு வருகிறேன். ஒருவர் ஒரு மணி நேரம் தான் நேசிக்கும் ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார். பிறந்த மொழியல்லாத ஒன்றைப் பல ஆண்டுகள் செலவிட்டு, எந்த வருமானமும் எதிர்பாராமல் கற்றவர் அவர். நீங்கள் எழுந்து, அவர் சொன்ன எதையும் தொடாமல், உங்கள் வீட்டுப் பெருமையை ஐந்து நிமிடம் பேசியிருக்கிறீர்கள். விருந்துக்கு அழைத்தவரின் இலையில் நம் வீட்டுச் சோற்றைக் கொண்டுபோய்ப் போடுவதா, தம்பி? உங்கள் கேள்வியில் கேள்விக்குறி இருந்தது. ஆனால் அவரிடமிருந்து எதையும் அறியும் விருப்பம் இருக்கவில்லை. அங்கே நிலவிய மௌனத்தை அலட்சியம் என்று நினைத்துக்கொண்டீர்கள். விடை கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லத் தெரியாத சங்கடம் அது. தமிழின் தொன்மை அந்த மண்டபத்தில் உங்கள் ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் அஸ்கோ பர்போலா சிந்துவெளி எழுத்துக்குத் திராவிட மொழியைக் கொண்டு பொருள் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். 2010 இல் கோவை மாநாட்டில் அவருக்குச் செம்மொழி விருது வழங்கப்பட்டது. அந்த நாட்டுக்காரர் ஒருவர் நம் வீட்டுக்குள் வந்து இவ்வளவு காலம் கவனித்துக் கேட்டிருக்கிறார். நாம் ஒரு மாலை கேட்கக் கூடாதா?

நீங்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி உங்கள் கையிலேயே இருந்தது. மருத்துவராக இருந்த எலியாஸ் லொன்ரோத் கரேலியப் பகுதிகளில் நடந்து திரிந்து, ஏட்டில் இல்லாத பாடல்களைப் பாடியவர்களின் வாயிலிருந்து எழுதியெடுத்தார். அவற்றை இணைத்துக் கலேவலா என்ற பெயரில் 1835 இல் முதலில் வெளியிட்டார். பெப்ரவரி 28 என்று அவர் முன்னுரையில் இட்ட தேதியே இன்று கலேவலா நாள். 1849 இல் வந்த விரிந்த பதிப்பில் ஐம்பது பாடல்களும் 22,795 அடிகளும் உள்ளன. அந்த அடிகளில் எதுகை கிடையாது, மோனை உண்டு. முதிய பாடகனான நாயகனின் பெயர் வரும் இடங்களில் 'வாகா வன்ஹா வைனாமொய்னென்' என்று மூன்று சொற்களும் வகரத்தில் தொடங்குவதைக் காதால் கேட்டிருப்பீர்கள். முந்தைய அடி சொன்னதையே வேறு சொற்களால் அடுத்த அடி திருப்பிச் சொல்வதையும் கவனித்திருக்கலாம். நம் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஏன் என்று விளங்கும். இப்படிப் பாடுகிறவர் அடுத்த அடியை மோனையைப் பிடித்துக்கொண்டா நினைவுகூர்ந்தார், பாடும்போது மூச்சு எங்கே விழும் என்று கேட்டிருந்தால், அந்த ஆசிரியர் உங்களை நள்ளிரவு வரை விட்டிருக்க மாட்டார்.

நான் இப்படிக் கண்டிப்பதற்குக் காரணம் சொல்கிறேன். 1993 என்று நினைவு. அப்போது நான், ஒரு காலத்தில் பின்லாந்து மரம் வந்திறங்கிய லண்டன் துறைமுகமான சரே டொக் பக்கத்தில் குடியிருந்தேன். துறைமுகம் 1970 இலேயே மூடப்பட்டுவிட்டது. பின்லாந்து வீதி, ஹெல்சிங்கி சதுக்கம் என்ற பெயர்களில் மட்டும் பழைய மர வணிகம் மிஞ்சியிருந்தது. பக்கத்தில் ஒரு சிறு மண்டபத்தில் பின்லாந்து நண்பர்கள் கூட்டம் என்று அறிவிப்புப் பார்த்துப் போனேன். பதினான்கு பேர் இருந்தோம். கப்பலிலிருந்து பலகைகளை இறக்கித் தோளில் சுமந்த ஓர் ஆங்கிலேய முதியவர் பேசினார். பின்லாந்தைப் பற்றிப் பொதுவாக அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒரு பலகையைப் பற்றியே பேசினார். கழுத்தையும் தோளையும் மறைக்கும் தோல் தொப்பியை எப்படி அணிவது, நீண்ட பலகை நடையின் அசைவோடு மேலும் கீழும் ஆடும்போது அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடி காலை எப்படி வைப்பது, பலகையின் முனையில் குத்தியிருக்கும் அடையாளத்தைப் பார்த்து எந்த ஆலையின் மரம் என்று எப்படிச் சொல்வது என்றெல்லாம் விளக்கினார். மாலுமிகளிடம் கற்றுக்கொண்ட யுக்ஸி, கக்ஸி, கொல்மெ என்ற எண்களைச் சொல்லிச் சொல்லிக் காற்றில் பலகைகளை எண்ணிக் காட்டினார்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்து, எங்கள் மன்னர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வணிகம் செய்ததைப் பற்றிப் பேசினேன். உங்களுக்குக் கிடைத்த அதே மௌனம் எனக்கும் கிடைத்தது. நான் எழுந்து போகாததற்கு வெளியே பெய்த மழைதான் காரணம். ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டியும் கோப்பியும் எடுத்துக்கொண்டு பின்லாந்து மூதாட்டி ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இளவயதில் வீட்டுவேலைக்காக லண்டன் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என் பேச்சைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "உங்கள் வீட்டுக் கூரைக்கு எந்த மரம் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் அந்தக் கூரையின் கீழ் படுத்து உறங்கியவன் நான். சோழர் கப்பலைப் பற்றிப் பேசிய வாயால் என் வீட்டுக் கைமரம் என்ன மரம் என்று சொல்ல முடியவில்லை.

அன்றிரவே அம்மாவுக்கு எழுதினேன். ஊரில் போர்க்காலம். பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கிணற்றடிக்கு மேற்கே நின்ற நான்கு பனைகளைத் தறித்து உன் பாட்டனார் வளையும் சிலாகையும் போட்டார், வாசல் நிலைக்கு மட்டும் வேம்பு, என்று அம்மா எழுதியிருந்தார். கூரையின் வடக்குப் பக்கம் இப்போது இல்லை என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய் மூதாட்டிக்கு வாசித்து, ஆங்கிலத்தில் பொருள் சொன்னேன். அவர் பலகை சுமந்த முதியவரைக் கூப்பிட்டார். முதியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, நன்றாக வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை ஒன்று என்ன எடை இருக்கும், ஒரு ஆள் எத்தனை தூக்குவார் என்று விசாரித்தார். அதற்காக நான் அம்மாவுக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. வடக்குப் பக்கத்தைப் பற்றி இருவரும் அன்று எதுவும் கேட்கவில்லை. மூதாட்டி மட்டும் என் கோப்பையை வாங்கி, நான் கேட்காமலேயே மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார்.

அந்தக் கோப்பியைத்தான் நீங்கள் விட்டுவிட்டுப் போனீர்கள்.

கலேவலா தமிழில் இருக்கிறது. ஹெல்சிங்கியில் வாழ்ந்தபடி உதயணன் என்ற புனைபெயர் கொண்ட ஆர். சிவலிங்கம் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1994 இல் வெளிவந்தது. தேடி எடுத்து முதல் பாடலையாவது வாய்விட்டுப் படியுங்கள். மே முதல் நாள் பின்லாந்துக்காரர்களுக்கு வப்பு விழா. எலுமிச்சையும் சர்க்கரையும் சிறிது ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவைக்கும் சிமா என்ற பானம் செய்வார்கள். போத்தலில் போட்ட உலர்திராட்சை மேலே மிதக்கத் தொடங்கினால் அது பதமாகிவிட்டது என்று பொருள். உங்கள் சங்கத்திலும் அதையொட்டி ஏதேனும் நடக்கும். போங்கள். அந்த ஆசிரியர் வந்திருந்தால் மோனையைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.