தலைப்பிரட்டையை நம்பித் தீவனத்தைக் குறைக்காதீர்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புப் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருப்பதாகவும், மழைக்குப் பிறகு தலைப்பிரட்டை மொய்ப்பதால் புண்ணாக்குச் செலவைக் குறைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குறைக்க வேண்டாம். கட்லா மேல்மட்டத்து மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும். ரோகு பாசி மேயும். தலைப்பிரட்டையைத் துரத்திப் பிடிக்கிற சாதி இரண்டுமே இல்லை. விரால் என்றால் கதை வேறு, அது தவளையையே விழுங்கும். அதற்காக இப்போது விராலை வாங்கி விட்டால் முதலில் காலியாவது உங்கள் மீன்குஞ்சுகள்தான்.

கரையோரம் குனிந்து பாருங்கள். கன்னங்கரேலென்று கூட்டமாக நகர்பவை பெரும்பாலும் தேரையின் குஞ்சுகள். செடித்தண்டில் கருமணி கோத்த வழவழப்பான சரம் சுற்றியிருந்தால் அது தேரை முட்டை. அதில் நஞ்சு உண்டு. பல மீன்கள் சீண்டாது. பெருந்தவளையின் குஞ்சோ ஊனுண்ணி. பொடி மீன்குஞ்சு விட்டிருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும். மீன்கள் விரல் நீளம் வளர்ந்துவிட்டால் பயமில்லை.

உண்மையான நட்டம் தீவனத்தில்தான். கரையோரம் தூவும் தவிட்டையும் புண்ணாக்கையும் தலைப்பிரட்டைகள் பங்கு போட்டுவிடும். துளையிட்ட சாக்கில் நிரப்பி, குட்டையின் நடுவில் கம்பு நட்டுத் தொங்கவிடுங்கள். முட்டைச் சரங்களைக் காலையில் கொசுவலையால் அரித்தெடுத்து வேறு பள்ளத்து நீரில் விடலாம். மருந்து மட்டும் ஊற்றாதீர்கள், மீனும் சேர்ந்து செத்துவிடும். மிஞ்சியவை கால் முளைத்துக் கரையேறி, தோப்பில் பூச்சி பிடிக்கப் போய்விடும்.