நிலவேம்பின் கசப்பைத் தேடி: தாவர வேதியியல் கேள்வி பதில்

தாவர மூலப்பொருள்களைப் பிரித்து அடையாளம் காணும் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளுக்கு, நிலவேம்பையும் அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விடையளிக்கிறேன்.

முதுகலை மாணவி, திருச்சி: ஐயா, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியைக் கொண்டே ஆய்வைத் தொடங்கலாமா?

வேண்டாம். பொடியாகிவிட்ட பின் அது எந்தச் செடி என்று உறுதி செய்வது கடினம். சிறியாநங்கை, பெரியாநங்கை போன்ற பெயர்களும் ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகளைக் குறிக்கின்றன. பூவும் காயும் உள்ள கிளையைத் தாளிடை அழுத்தி உலர்த்தி, உங்கள் ஊரிலேயே உள்ள ராபினாட் உலர்தாவரகம் போன்ற ஓரிடத்தில் ஒப்படைத்து, அதன் பதிவெண்ணை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

ஆய்வு மாணவர், மதுரை: எந்தக் கரைப்பானில், எவ்வளவு வெப்பத்தில் சாறு எடுப்பது?

நிலவேம்பு இலையை நிழலில் உலர்த்தி அரைத்து (முகத்தை மூடிக்கொள்ளுங்கள், பறக்கும் தூசியே தொண்டையை மாலை வரை கசக்க வைக்கும்), முதலில் ஹெக்சேனில் ஊறவைத்துக் கொழுப்பையும் மெழுகையும் நீக்கிவிட்டு, பிறகு மெத்தனாலில் அறை வெப்பநிலையிலேயே ஊறவைத்தால் போதும். கொதிக்க வைத்தால் நிறையக் கிடைக்கும் என்று எண்ணுவது எல்லாச் செடிக்கும் பொருந்தாது. சீனாவில் தூ யூயூவின் குழு மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, சூடாக்கி எடுத்த சாறு நம்பும்படியான பலன் தரவில்லை. 1971-இல் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு எடுத்த சாறுதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு வழிகாட்டியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே மாணவர்: சாற்றைப் பிரிக்கும் சிலிக்கா ஜெல் குழாயிலிருந்து (column) வரும் எல்லாப் பகுதிகளும் பச்சையாகவே இறங்குகின்றன.

பச்சையத்தை நீக்காமல் சிலிக்கா ஜெல்லில் ஏற்றியிருக்கிறீர்கள். மெத்தனால் சாற்றில் செயலூட்டப்பட்ட கரியைச் சிறிதளவு சேர்த்து வடிகட்டுங்கள். அதிகமானால் உங்களுக்கு வேண்டிய பொருளையும் கரி விழுங்கிவிடும். நிலவேம்பில் இன்னொரு வசதி உண்டு. இலையில் ஆண்ட்ரோகிராஃபோலைடு நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு வரை இருக்கக்கூடும் என்பதால், செறிவூட்டிய சாற்றைக் குளிர்பெட்டியில் அசையாமல் வைத்தால் குடுவையின் அடியில் படிகம் இறங்கும். பச்சை நீரை வடித்து, குளிர்ந்த மெத்தனாலால் கழுவக் கழுவ அது வெளுத்துவரும். பிரிப்புக் குழாய் போடாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

சாற்றின் பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மென்படலத் தகட்டில் (TLC), 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் புள்ளி மங்கலாகத் தெரிந்தால் பொருள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அனிசால்டிஹைடு–கந்தக அமிலக் கலவையைத் தெளித்துச் சூடாக்கிப் பாருங்கள்.

கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி: ஜிசி-எம்எஸ் (சாற்றை ஆவியாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) அறிக்கையில் முப்பது சேர்மங்களின் பெயர்கள் வந்துள்ளன. அவற்றை "அடையாளம் காணப்பட்டவை" என்று எழுதலாம் அல்லவா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுவே. எனக்கு மிகுந்த சலிப்பைத் தருவதும் இதுவே. அந்தக் கருவி உங்கள் நிறை நிறமாலையைத் தன் நூலகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய ஒன்றின் பெயரை அச்சிடுகிறது. நூலகத்தில் இல்லாத பொருளுக்கும் அது ஏதோ ஒரு பெயரைத் தரத்தான் செய்யும். சர்க்கரை இணைந்த, ஆவியாகாத கிளைகோசைடுகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஆண்ட்ரோகிராஃபோலைடு ஆவியாவதற்கு முன்பே சிதையக்கூடும். ஆக, செடியின் முதன்மைப் பொருளே விடுபட்ட பட்டியலைத்தான் நீங்கள் வைத்திருக்கலாம். பட்டியலில் 149 என்ற அயனியுடன் தாலேட் எஸ்டர் (நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) ஏதேனும் இருந்தால், செடியைப் பாராட்டுவதற்கு முன் உங்கள் நெகிழிக் குழாய்களையும் கரைப்பான் புட்டியின் மூடியையும் சோதியுங்கள். குறைந்தபட்சம் வெற்றுக் கரைப்பானையும் அதே கருவியில் ஓட்டிப் பார்த்து, தக்கவைப்புக் குறியீட்டையும் (பொருள் கருவியில் எவ்வளவு நேரம் தங்கி வெளிவருகிறது என்பதைக் காட்டும் எண்) ஒப்பிட்ட பின், "தற்காலிக அடையாளம்" என்று எழுதுவதே நேர்மை.

முதுகலை மாணவி, திருச்சி: என் படிகத்தின் நிறை 373 என்று வந்தது. அப்படியானால் மூலக்கூறு நிறை 372-ஆ?

இல்லை. ஆண்ட்ரோகிராஃபோலைடின் நிறை 350. அதோடு சோடியம் ஒட்டினால் 373. அதே நிறமாலையில் 333-உம் தெரிந்தால், அது புரோட்டான் ஏற்று நீரை இழந்த வடிவம். இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. ஆயினும் நிறை மட்டும் அடையாளம் ஆகாது. மூலக்கூறில் ஒவ்வொரு கார்பனும் இருக்கும் சூழலைக் காட்டும் கார்பன்-13 என்எம்ஆர் நிறமாலையில் இருபது கார்பன்களுக்கான குறிகளை எண்ணுங்கள். லாக்டோன் (வளைய எஸ்டர்) கார்போனைலின் கார்பன் 170 பிபிஎம்-ஐ ஒட்டியும், வளையத்துக்கு வெளியே உள்ள இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்கள் 148, 109-ஐ ஒட்டியும் நிற்க வேண்டும். உருகுநிலை 230 டிகிரி செல்சியசை ஒட்டியிருந்து, வாங்கிய தூய மாதிரியோடு ஒரே தகட்டில் ஒரே உயரம் ஏறினால் பெயரை எழுதிவிடலாம்.

சித்த மருத்துவ மாணவர், சென்னை: இதைப் பிரித்துவிட்டால் நிலவேம்புக் குடிநீரின் செயல் விளங்கிவிடுமா?

குடிநீரில் சுக்கு, மிளகு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு எனச் சேர்த்து ஒன்பது சரக்குகள் உள்ளன. ஆண்ட்ரோகிராஃபோலைடோ நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆகவே மெத்தனால் சாற்றில் கண்ட அளவைக் குடிநீரின் மேல் ஏற்றிச் சொல்லாமல், முறைப்படி காய்ச்சி வடித்த குடிநீரையே எடுத்து அளந்து பாருங்கள்.