வைட்டமின் டி குறைந்தால் கரு தங்காதா?

கேள்வி: எனக்கு வயது 32. கல்யாணமாகி இரண்டு வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று மாதத்துக்கு முன் எனக்கும் கணவருக்கும் கொரோனா வந்தது. அதிலிருந்து மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தது. காய்ச்சலின்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 13 என்று இருந்தது. ‘இதனால்தான் கரு தங்கவில்லை’ என்கிறார் நாத்தனார். பத்து நாளாகத் தினமும் 60,000 யூனிட் பவுடரைப் பாலில் கலந்து குடிக்கிறேன். சரியாகிவிடுமா? கணவருக்கு டெஸ்ட் எதுவும் தேவையில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: முதலில் அந்தப் பவுடரை இன்றே நிறுத்துங்கள். 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்றுதான். வழக்கமாக எட்டு வாரம், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்தால். நீங்கள் பத்து நாளில் ஆறு லட்சம் யூனிட் குடித்துவிட்டீர்கள். கொழுப்பில் கரையும் வைட்டமின் இது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான டெஸ்ட்), வைட்டமின் டி மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல் இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

அந்த 13 காய்ச்சலோடு எடுத்த அளவு. உடம்பில் அழற்சி இருக்கும்போது இந்த வைட்டமினைச் சுமக்கும் புரதம் குறைவதால், அளவும் இறங்கித்தான் காட்டும். உண்மையிலேயே குறைவாகவும் இருக்கலாம். 20-க்குக் கீழே போனால் குறைபாடுதான். பகல் முழுக்கக் கட்டடத்துக்குள் வேலை பார்ப்பவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, கரு தங்குவதற்கு வருவோம். சினைப்பையிலும் கருப்பையின் உட்சுவரிலும் வைட்டமின் டி வேலை செய்கிறது. அது குறைவாக உள்ள பெண்களுக்கு ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை) வெற்றியும் குறைவு என்று பல ஆய்வுகளில் தெரிந்தது. அப்படியானால் வைட்டமினைக் கொடுத்தால் கரு தங்குமா? இத்தாலியில் ஐவிஎஃப்புக்கு வந்த, அளவு 30-க்குக் கீழே இருந்த 630 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒரே தடவையாக ஆறு லட்சம் யூனிட், மறுபாதிக்கு மருந்தில்லாத போலி டோஸ். 2021-ல் வந்த முடிவு: மருந்து குடித்தவர்களில் கருத்தரித்தவர்கள் 37 சதவீதம், குடிக்காதவர்களில் 40. நீங்கள் குடித்ததும் அதே ஆறு லட்சம்தான். குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் வரப்போகும் கர்ப்பத்துக்காகவும் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வருடக் காத்திருப்புக்கு அதையே காரணமாக்கிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

கொரோனாவுக்குப் பிறகு மாதவிலக்கு தள்ளிப்போவது பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் சரியாகிவிடும். அமெரிக்கா, கனடாவில் 2,000-க்கும் மேற்பட்ட தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து, பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்ணுக்குக் கொரோனா வந்ததால் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை. ஆணுக்கு வந்திருந்தால்தான் அடுத்த 60 நாள் வரை குறைந்திருந்தது. விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். கடும் காய்ச்சல் அதைக் கெடுக்கும்.

உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்துவது கடைசி வரிதான். இரண்டு வருடமாகக் குழந்தையில்லை என்றால் கணவருக்கும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு. கொரோனா வந்து மூன்று மாதம் ஆகிவிட்டதால் இப்போது எடுக்கலாம். இதைச் செய்யாமல் உங்களை மட்டும் ஊசியும் ஸ்கேனுமாக அலையவிடுவது நியாயமே இல்லை. நாத்தனாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

உங்களுக்குத் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கருமுட்டை வளர்வதைப் பார்க்கும் ஸ்கேன், கருக்குழாய் அடைப்புச் சோதனை ஆகியவை தேவைப்படும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்கலாம். அப்புறம், காலை இளவெயிலில் வைட்டமின் டி அவ்வளவாகக் கிடைக்காது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கையும் முகமும் படப் பத்துப் பதினைந்து நிமிடம் வெயிலில் நில்லுங்கள். மகப்பேறு டாக்டரிடம் போகும்போது கணவரும் கூடவே வரட்டும்.