எலிக்குப் பலித்த ஊசி தம்பிக்கு ஏன் இல்லை?

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்த என் தம்பிக்குத் தலையில் பலத்த அடி. மூளைக் காயத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஊசி எலிகளைக் காப்பாற்றியதாகப் படித்தேன். டாக்டர் ஏன் போடவில்லை?
– வாசகி, ஏற்காடு

பதில்: போடாதது சரிதான் அம்மா. எலிகளில் மூளை வீக்கத்தைக் குறைத்த அந்த மருந்தை ஓர் ஆய்வில் 882 பேரிடமும் இன்னொன்றில் 1195 பேரிடமும் சோதித்தார்கள். 2014இல் இரண்டின் முடிவும் வந்தது. பலன் இல்லை. ஆய்வுக்கூட எலிகள் ஒரே இனம், ஒரே வயது. விழும் அடியும் ஒன்றே. மருந்தும் சீக்கிரம் கிடைத்துவிடும். வளைவில் விழுந்தவருக்கோ தலையடியோடு ரத்தப்போக்கு, மூச்சுத் திணறல், மலையிறங்கும் நேரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் குறையாமல் காப்பதுதான் இன்றைக்கும் முதல் சிகிச்சை. வீக்கம் வடியட்டும் என்று ஸ்டீராய்டு கேட்டும் டாக்டரை நெருக்காதீர்கள். 10,008 பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். இது 2004இலேயே தெரிந்துவிட்டது.

கேள்வி: எலியின் தலைமேல் எடையை விழச்செய்து, ஒரு மூலிகைச் சாற்றைச் சோதிக்கிறோம். எடை 450 கிராம், உயரம் 2 மீட்டர். ஆனாலும் சில எலிகள் இறக்கின்றன, சில மறுநாளே ஓடியாடுகின்றன. எங்கே பிழை?
– எம்.பார்ம். மாணவர், சேலம்

பதில்: முதலில் எலிக்கு அடியில் இருக்கும் பஞ்சு மெத்தையைப் பாருங்கள். அடி வாங்கி வாங்கி அது தளர்ந்துவிடும். தளர்ந்தால் தலை அமுங்கும் அளவு மாறும், காயமும் மாறும். அடிக்கடி மாற்றுங்கள். எடை துள்ளி இரண்டாம் முறை விழாதபடி, முதல் அடி விழுந்த உடனே மெத்தையோடு எலியை நகர்த்திவிட வேண்டும். மண்டையில் ஒட்டும் இரும்புத் தகடு நடுக்கோட்டிலிருந்து விலகினாலும் எலும்பு உடையலாம். உடைந்தவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதை முன்பே எழுதி வையுங்கள், முடிவைப் பார்த்த பிறகு அல்ல. சாவுக்குப் பெரும்பாலும் காரணம் மூச்சு நின்றுபோவதுதான். வென்டிலேட்டரைப் பக்கத்தில் தயாராக வைத்திருங்கள்.

அடுத்தது சூடு. ஏ.சி. அறையில் மயங்கிக் கிடக்கும் எலி வேகமாகக் குளிரும், அந்தக் குளிர்ச்சியே மூளையைக் காக்கும். பெருமை உங்கள் சாற்றுக்குப் போய்விடும். ஆசனவாய் வெப்பமானி வைத்து 37 டிகிரியில் நிறுத்துங்கள். மயக்க மருந்தான ஐசோஃபுளூரேனுக்கும் மூளையைக் காக்கும் குணம் உண்டு, அதனால் எல்லா எலிக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். வலி மருந்தும் அப்படியே. முடிவு கெடும் என்று அதை நிறுத்துவது கொடுமை.

சாற்றை அடிக்கு ஏழு நாள் முன்பிருந்தே ஊட்டுகிறீர்கள் என்றால் திட்டத்தையே மாற்றுங்கள். விபத்து நடக்கும் என்று தெரிந்து யாரும் முன்கூட்டியே மருந்து குடிப்பதில்லை. அடிக்குப் பிறகு 1 மணி நேரத்தில் ஒரு குழு, 4 மணி நேரத்தில் இன்னொரு குழு என்று கொடுத்துப் பாருங்கள். சாற்றைக் கரைத்த திரவத்தை மட்டும் பெறும் குழுவும், மயக்கமும் தோல் கீறலும் தகடும் உண்டு, அடி மட்டும் இல்லை என்ற ஷாம் குழுவும் கட்டாயம். எந்த எலி எந்தக் குழு என்பதைக் குலுக்கிப் போடுங்கள். மதிப்பெண் போடுபவருக்கு அது தெரியக் கூடாது.

நீருக்குள் மறைந்த மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்கும் தண்ணீர்த் தொட்டிச் சோதனையில், மேடையை அடையத் தாமதமானால் உடனே ஞாபகம் போச்சு என்று எழுதிவிடாதீர்கள். கால் பலவீனமான எலியும் மெதுவாகத்தான் நீந்தும். மேடை கண்ணுக்குத் தெரியும்படி வைத்து ஒரு சுற்று விட்டு, நீச்சல் வேகத்தைத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.