வான்கோழி, பிரியாணி, 80 டாலர்: எந்த ஒயின் வாங்கலாம்?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் விருந்து எங்கள் வீட்டில். வான்கோழி, கிரான்பெரி சாஸ், ஸ்டஃபிங், கூடவே அம்மா கைப்பக்குவத்தில் சிக்கன் பிரியாணி, கடைசியில் பம்ப்கின் பை. ஒயின் குடிப்பவர்கள் 8 பேர். 80 டாலருக்குள் என்ன வாங்குவது? விலை மலிவென்று வந்தவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. உங்கள் மெனுவுக்கு கேபர்னே சாவிஞான் என்கிற விலை உயர்ந்த, துவர்ப்பான சிவப்பு ஒயினைவிட 15 டாலர் ஒயின்தான் நன்றாகப் பொருந்தும். வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, அடுப்பில் சீக்கிரம் உலர்ந்துவிடும். கேபர்னேயின் துவர்ப்பைத் தணிக்க மாட்டுக்கறி ஸ்டேக் மாதிரி கொழுப்புள்ள இறைச்சி வேண்டும். உலர்ந்த கறியோடு குடித்தால் வாய் இன்னும் வறண்டு போகும். பிரியாணிப் பக்கம் வேறு சிக்கல்: ஒயினில் ஆல்கஹால் ஏற ஏற மிளகாயின் எரிச்சலும் ஏறும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது துவர்ப்பு குறைந்த, புளிப்பு சற்றுத் தூக்கலான, ஆல்கஹால் மிதமான ஒயின்.

சிவப்பில் போஜோலே-வில்லாஜ் 2 பாட்டில் எடுங்கள், ஒன்று சுமார் 15 டாலர். பிரான்ஸில் லியோன் நகருக்கு வடக்கே விளையும் கமே திராட்சையில் செய்வது. செர்ரி, ராஸ்பெர்ரி வாசனையும் மெல்லிய துவர்ப்பும் கொண்டது. கிரான்பெரி சாஸின் புளிப்புக்கு இது ஈடுகொடுக்கும். கடையில் அந்த வாரம் போஜோலே நூவோவைத்தான் வாசலிலேயே அடுக்கியிருப்பார்கள், காரணம் அது வெளியாவது நவம்பர் மூன்றாம் வியாழன், உங்கள் விருந்து நான்காம் வியாழன். நூவோ அறுவடையாகிச் சில வாரங்களே ஆன ஒயின். ஜாலியாகக் குடிக்கலாம், ஆனால் விருந்துச் சாப்பாட்டுக்கு முன்னால் நிற்காது. ஏறக்குறைய அதே விலையில் வில்லாஜ் கிடைக்கும்போது அதை விடாதீர்கள்.

வெள்ளையில் ரீஸ்லிங் 2 பாட்டில், ஒன்று 12 டாலர் அளவில். பலர் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் ரீஸ்லிங் துளியும் இனிப்பில்லாமலும் வரும், தேன்போலவும் வரும். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். திராட்சையின் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. ரீஸ்லிங்கில் 8, 9 சதவீதம் என்றிருந்தால் நொதித்தல் பாதியில் நின்றிருக்கிறது, சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். 12.5க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாதது. உங்களுக்கு 10, 11 சதவீதம் சரியாக இருக்கும். அந்த இளம் இனிப்பு பிரியாணிக் காரத்தை அடக்கும், புளிப்பு நெய்யின் திகட்டலை எடுத்துவிடும். வாஷிங்டன் மாநில ரீஸ்லிங்குகள் இந்த விலையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஜெர்மன் பாட்டிலில் ‘ட்ரோக்கன்’ என்றிருந்தால் இனிப்பு இருக்காது, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

விருந்தினர் வந்ததும் கையில் கொடுக்க ஸ்பெயினின் குமிழி ஒயினான காவா ஒன்று, அதிகம் இனிப்பில்லாத ‘ப்ரூட்’ வகை, 12 டாலர் சுமாருக்கு. ஷாம்பெயின் போலவே இதிலும் குமிழிகள் பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தலில் உருவாகின்றன. விலைதான் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

மொத்தம் 5 பாட்டில். 750 மில்லி பாட்டிலில் 5 கிளாஸ் வரும், ஆக ஆளுக்கு 3 கிளாஸ். வரியோடு 70 டாலரைச் சற்றே தாண்டும். வண்டி ஓட்டுபவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் மீதிக் காசில் ஸ்பார்க்ளிங் ஆப்பிள் சைடர் வாங்கி, அதே ஒயின் கிளாஸிலேயே ஊற்றிக் கொடுங்கள். பம்ப்கின் பைக்குத் தனி ஒயின் தேட வேண்டாம். பதார்த்தம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். காபி போடுங்கள்.

மலிவு ஒயினைக் கெடுப்பது பெரும்பாலும் சூடுதான். ஹீட்டர் ஓடும் வீட்டில், அடுப்படிப் பக்கம் நிற்கும் சிவப்பு ஒயினில் ஆல்கஹால் நெடி மட்டும் மேலே வரும். போஜோலேயை ஊற்றுவதற்கு அரை மணி முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். ரீஸ்லிங்கைக் கால் மணி முன்பு வெளியே எடுங்கள், மிகக் குளிர்ந்தால் வாசனையே எழாது. காவாவைக் குளிரவைக்க மறந்துவிட்டால் வாளியில் ஐஸோடு தண்ணீரும் ஒரு பிடி உப்பும் போட்டு முக்குங்கள், 20 நிமிடத்தில் தயார். வெறும் ஐஸில் அவ்வளவு சீக்கிரம் குளிராது.

மிஞ்சினால் சிவப்பையும் மூடி ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். மூன்று நாள் தாங்கும்.