எந்த எஃகு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தினமும் கையோடு வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்றிருக்கிறேன். அட்டைப்பெட்டி பிரிப்பது, கயிறு அறுப்பது, எப்போதாவது ஒரு பழம் நறுக்குவது, அவ்வளவுதான் அதற்கு வேலை. ஆனால் தேடத் தொடங்கியதும் டி2, எஸ்90வி, 14சி28என், மேக்னாகட் என்று எஃகின் பெயர்களாக வந்து விழுகின்றன. பரிசோதனைப் பட்டியல்களையும் பார்த்தேன், குழப்பம்தான் மிச்சம். எது நல்ல எஃகு? என்னிடம் ஏற்கெனவே ஒரு பழைய கத்தி இருக்கிறது. மழுங்கிக் கிடக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பழைய கத்தியை எப்போதாவது தீட்டிப் பார்த்தீர்களா? நீங்கள் கேட்டதற்கான பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கத்தி எஃகுக்குள் கார்பைடு எனப்படும் நுண்ணிய துகள்கள் இருக்கும். எஃகில் கலந்திருக்கும் குரோமியம், வனேடியம் போன்ற உலோகங்களோடு கார்பன் சேர்ந்து உருவாகுபவை அவை. சுற்றியிருக்கும் இரும்பைவிட மிகவும் கடினமானவை. அவை கூடக்கூட கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, தேய்வது குறையும். ஆனால் அதே துகள்கள்தான் வாய் பொரிந்து உதிரவும் காரணம், தீட்டும்போது கல்லுக்கு மசியாதவையும் அவையே. நீங்கள் பார்த்த பட்டியல்களில் பல, சிலிக்கா கலந்த அட்டையைத் திரும்பத் திரும்ப அறுக்கவைத்து அளந்தவை. அவை தேய்மானத்தை மட்டுமே சொல்லும். வாய் உதிருமா, துரு ஏறுமா, மறுபடி கூராக்க எவ்வளவு பாடு என்பதெல்லாம் அதில் வராது.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டியலின் உச்சியில் இருந்ததாலேயே எஸ்90வி அலகுள்ள கத்தி ஒன்றை வாங்கினேன். அதில் வனேடியம் மட்டுமே 9 சதவீதம். மாதக்கணக்கில் கூர் குறையவில்லை, உண்மைதான். மழுங்கியபின் என்னிடமிருந்த சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லில் தீட்டினேன். மூன்று மாலைப்பொழுதுகள் போயின, வாய் எழவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. வனேடியம் கார்பைடு அந்தக் கல்லைவிடக் கடினமானது. வைரத்தூள் பதித்த தகடு வாங்கித் தீட்டிய அன்றே கூர் திரும்பிவிட்டது. அதுவரை நல்ல கத்தி ஒன்று மழுங்கலாகவே என் மேசையில் கிடந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

துருவைப் பற்றியும் சொல்லவேண்டும், இங்குதான் பலரும் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள். துருவைத் தடுப்பது குரோமியம். ஆனால் கார்பைடுக்குள் போய்ச் சிக்கிக்கொண்ட குரோமியத்தால் பயனில்லை, இரும்போடு கரைந்து நிற்பது மட்டுமே காக்கும். டி2வில் சுமார் 12 சதவீதம் குரோமியம் உண்டு. கூடவே 1.5 சதவீதம் கார்பனும் இருப்பதால் குரோமியத்தில் கணிசமான பகுதி கார்பைடாகிவிடுகிறது. பழம் நறுக்கித் துடைக்காமல் மடக்கி வைத்தால் கறை பிடிக்கும். 2021ல் வந்த மேக்னாகட்டில் குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2வைவிடக் குறைவு. ஆனால் துருவை அது எவ்வளவோ நன்றாகத் தாங்குகிறது! உலோகவியலாளர் லாரின் தாமஸ் அதை வடிவமைத்தபோது குரோமியம் கார்பைடாக மாறாமல் முழுக்கக் கரைந்தே நிற்கும்படி அளவுகளை அமைத்தார். எனக்கு மிகவும் பிடித்த எஃகு அது. ஆனால் உங்கள் வேலைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

எஃகின் பெயரைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று பதம், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினப்படுத்தும் விதம்: அதே எஃகை ராக்வெல் எனும் கடினத்தன்மை அளவில் 58க்குப் பதப்படுத்துவதும் 61க்குப் பதப்படுத்துவதும் இரண்டு வேறு கத்திகள். இன்னொன்று வாயின் சரிவு. தடித்த வாயுள்ள உயர்ந்த எஃகைவிட மெல்லிய வாயுள்ள எளிய எஃகு அட்டையில் சுலபமாக இறங்கும்.

உங்களுக்கு நான் சொல்வது 14சி28என். கார்பன் 0.62 சதவீதம், குரோமியம் 14, கொஞ்சம் நைட்ரஜன். கார்பைடு குறைவு என்பதால் மெல்லிய வாயும் உதிராமல் நிற்கும், துருவையும் தாங்கும், எந்தக் கல்லிலும் சீக்கிரம் கூராகும். தினமும் நிறையப் பெட்டிகள் பிரித்தால் எஸ்90வி போன்றதைவிட இது முன்னதாக மழுங்கும் என்பது உண்மை. ஆனால் பத்து நிமிடத்தில் கூர் திரும்பும்.

வாங்குவதற்கு முன் அந்தப் பழைய கத்தியை எடுங்கள். பக்கத்துக்கு 20 பாகை அளவில் சாய்த்து, ஒரே பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே வாருங்கள். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை அலகின் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வாய்க்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்த்தால் தட்டுப்படும். முழு நீளத்துக்கும் அது எழுந்தபிறகுதான் கத்தியைத் திருப்பவேண்டும். மழுங்கிய கத்திக்கு இதற்கு நேரமாகும், பாதியில் திருப்பிவிடாதீர்கள். பிசிறு எழுந்ததா என்று எழுதுங்கள்.