பிரான்ஸ் 1946–58: கவிழ்ந்துகொண்டே இருந்த ஆட்சி, கவிழாத திட்டம்

போருக்குப் பிந்தைய பிரான்சின் பொருளாதாரத் திட்டமிடல் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், நான்காம் குடியரசில் (1946–58இல் பிரான்சில் இருந்த ஆட்சிமுறை) 12 வருஷத்துக்குள் 20க்கும் மேல் மந்திரிசபைகள். இந்த லட்சணத்தில் திட்டம் எப்படி ஓடியது?

மந்திரிசபைதான் கவிழ்ந்தது, ஆட்கள் அவ்வளவாக மாறவில்லை. விகிதாச்சாரத் தேர்தல், யாருக்கும் பெரும்பான்மை கிடையாது, அதனால் அதே சில கட்சிகள் திரும்பத் திரும்பக் கூட்டு சேர்ந்தன. ராபர்ட் ஷூமன் 1948 ஜூலையில் வெளியுறவு அமைச்சரானார், 1953 ஜனவரி வரை அங்கேயே இருந்தார். அதற்குள் எத்தனை பிரதமர்கள் வந்து போனார்கள்!

இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1946 ஜனவரி 3 அன்று, அப்போது அரசாங்கத் தலைவராக இருந்த டி கோல், முதலீடு எங்கே போக வேண்டும் என்று திட்டம் போடும் திட்ட ஆணையத்துக்கு ஆணை போட்டார், அதே மாதம் 20ஆம் தேதி பதவியை விட்டே போய்விட்டார். ஆணையம் சாகவில்லை. அதன் தலைவர் ழான் மோனே, கோன்யாக் மது வியாபாரக் குடும்பத்துக்காரர், எந்த அமைச்சகத்துக்குள்ளும் போக மாட்டேன், நேரடியாக அரசாங்கத் தலைவருக்கு, அதாவது பிரதமருக்குக் கீழேதான் இருப்பேன் என்று பிடிவாதமாக நின்றவர். பாரிசில் ஒரு வீடு, கொஞ்சம் பேர், அவ்வளவுதான். பிடுங்கிக்கொள்ள அங்கே பெரிதாக எதுவும் இல்லை, அதனால் எந்த மந்திரியும் அதன்மேல் கை வைக்கவில்லை. இதை மோனேயின் தந்திரம் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: அதிகாரமே இல்லாத ஆணையம் சொன்னதை கம்பெனிகள் ஏன் கேட்டன?

பணம் தம்பி, பணம். போர் முடிந்தபோது தனியார் சேமிப்பு வற்றிப்போயிருந்தது. 1945 கடைசியில் பெரிய வங்கிகள் அரசுடைமை ஆயின, அடுத்த வருஷம் மின்சாரமும் நிலக்கரியும். ரயில்வே போருக்கு முன்பே அரசு கையில். 1948இலிருந்து மார்ஷல் உதவி வந்தது, போரில் நொந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா கொடுத்த உதவி அது. அமெரிக்காவிலிருந்து சரக்கு வரும், அதை வாங்கிய பிரெஞ்சுக்காரர் பிராங்கில் பணம் கட்டுவார், அது ஒரு தனிக் கணக்கில் சேரும், அமெரிக்கர்கள் தலையசைத்தால் அந்தப் பணம் திட்டத்தின் முதலீடுகளுக்குப் போகும். நிலக்கரி, மின்சாரம், எஃகு, சிமென்ட், விவசாய இயந்திரங்கள், போக்குவரத்து, இந்த ஆறுக்கும்தான் முன்னுரிமை. திட்டத்தோடு ஒத்துப்போனவருக்குக் கடன் சுலபம், மற்றவர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். 1950இல் முடிய வேண்டிய முதல் திட்டத்தை மார்ஷல் உதவிக் காலத்தோடு பொருந்தும்படி 1952 வரை இழுத்தார்கள் என்பதிலிருந்தே சங்கதி புரியும்.

கேள்வி: தோழர், கம்யூனிஸ்ட்டுகளும் இதில் இருந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1946 நவம்பர் தேர்தலில் அவர்கள்தான் முதலிடம், நாலில் ஒரு பங்குக்கும் மேல் ஓட்டு. முதலில் உற்பத்தி, அப்புறம் மற்றது என்று சுரங்கத் தொழிலாளரிடம் போய்ப் பேசியவரே கட்சித் தலைவர் மோரிஸ் தோரேதான். திட்டத்தின் குழுக்களில் முதலாளி, தொழிற்சங்கம், அதிகாரி எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 1947 மே மாதம் பிரதமர் ரமாதியே கம்யூனிஸ்ட் மந்திரிகளை வெளியேற்றினார், பனிப்போர் சூடுபிடித்தது, அவர்கள் பக்கம் இருந்த பெரிய தொழிற்சங்கமும் குழுக்களை விட்டு விலகியது. அதற்குப் பிறகு அந்த மேசையில் அதிகாரியும் முதலாளியும்தான் பேசிக்கொண்டார்கள். திட்டத்தைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கேள்வி: நம்ம திட்டக் குழு மாதிரியா அண்ணா?

பெயரளவில் ஒற்றுமை. நம்முடையது 1950இல் பிரதமர் தலைமையில் வந்தது, மாநிலங்களுக்குப் பணம் பங்கிடுகிற அமைப்பாகவும் ஆனது. பிரான்சில் அந்தத் தலைவலியே இல்லை.

கேள்வி: தோல்வியே இல்லையா?

ஏன் இல்லை? வீடுகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள். 1954 பிப்ரவரியில், வீடில்லாதவர்கள் குளிரில் சாகிறார்கள் என்று பாதிரியார் அபே பியேர் வானொலியில் கதற வேண்டி வந்தது. விலைவாசியையும் திட்டத்தால் பிடிக்க முடியவில்லை. இந்தோசீனப் போர், அடுத்து அல்ஜீரிய விடுதலைப் போர், இரண்டும் ஆணையத்தின் மேசைக்கே வராத விஷயங்கள், 1958இல் குடியரசைக் கவிழ்த்தது அல்ஜீரியாதான்.

கேள்வி: 1958க்குப் பிறகு ஆட்சி நிலையாக இருந்ததே, திட்டம் இன்னும் பலமாகியிருக்க வேண்டாமா?

அப்படித்தான் எல்லாரும் நினைப்பார்கள். திரும்பி வந்த டி கோல் திட்டத்தை ஆஹா ஓஹோ என்றார், பியேர் மாஸே மாதிரி திறமைசாலி ஆணையர் இருந்தார். ஆனால் நிலையான ஆட்சி என்றால் நிதி அமைச்சரும் நிலையாக இருப்பார், பலமாகவும் இருப்பார். 1963இல் நான்காவது திட்டம் பாதியில் இருக்கும்போதே நிதி அமைச்சர் ஜிஸ்கார் விலையேற்றத்தை அடக்கத் தன் சொந்தத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து செலவை வெட்டினார். ஆணையத்தால் என்ன செய்ய முடியும்? போதாக்குறைக்கு ஐரோப்பியப் பொதுச் சந்தை எல்லைகளைத் திறந்துவிட்டது, நாட்டுக்குள் போடும் கணக்கு வெளிப்போட்டிக்கு முன்னால் அடிக்கடி தப்பியது.

கேள்வி: இப்போது இருக்கிறதா?

2006இல் மூடிவிட்டார்கள். 2020இல் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, பிரான்சுவா பய்ரூவைத் தலைவராகப் போட்டார்கள்.